கட்டளை ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு

2010 ஆகஸ்ட் 16ஆம் திகதி ரங்கிரி தம்புள்ளை மைதானத்தில் இலங்கையும் இந்தியாவும் மோதின. நியூசிலாந்தும் கலந்துகொண்ட முத்தரப்புத் தொடரின் ஒரு போட்டி அது. இலங்கை 170 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இந்தியாவும் 170ஐத் தொட்டுவிட்டது. கையில் ஆறு விக்கெட்டுகள் இருந்தன, தேவைப்பட்டது ஒரே ஓட்டம். யார் வெல்வார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. 99 ஓட்டங்களுடன் நின்ற வீரேந்தர் சேவாக் சதத்தை எட்டுவாரா என்பதுதான் மிச்சமிருந்த ஒரே கேள்வி. சுராஜ் ரன்திவ் ஓடிவந்து பந்தை விட்டபோது அவருடைய முன்கால் கோட்டைத் தாண்டி நன்றாக வெளியே ஊன்றியிருந்தது. நாலைந்து அடி எடுத்து வைத்துப் பந்தைச் சுழற்றும் ஒருவருக்குக் கால் அவ்வளவு தூரம் தவறுவது வழக்கமில்லை. சேவாக் அந்தப் பந்தைத் தூக்கி அடித்தார். அது எல்லைக்கு அப்பால் போய் விழுந்தது. ஆனால் நடுவரின் கை நோபோல் என்று நீண்டுவிட்டது. நோபோலுக்கான ஓட்டம் சேர்ந்த கணத்திலேயே இந்தியா வென்றுவிட்டது, ஆட்டமும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அடித்த ஆறு கணக்கில் வராது என்பது விதி. சேவாக்கின் பெயருக்கு எதிரே 99 என்றே பதிவானது.

அன்றிரவே ரன்திவ் சேவாக்கிடம் மன்னிப்புக் கேட்டார். இலங்கை கிரிக்கெட் நிறுவனம் தாமதிக்காமல் விசாரணை நடத்தித் தீர்ப்பும் சொன்னது. ரன்திவுக்கு ஒரு போட்டித் தடை, போட்டிச் சம்பளமும் பறிபோனது. நோபோல் போடலாம் என்று அவருக்கு யோசனை சொன்னவர் என்று கண்டறியப்பட்ட திலகரத்ன தில்ஷானுக்கு அபராதம். அணித் தலைவர் குமார் சங்கக்காரவுக்கு இனிமேல் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கை. இந்த மூன்று தண்டனைகளையும் மேலிருந்து கீழே வரிசைப்படுத்தினால் அனுபவம் குறைந்தவருக்கு அதிகம், மூத்தவருக்குக் குறைவு, தலைவருக்கு வெறும் வார்த்தை என்று வருகிறது. ரன்திவ் சர்வதேச ஒருநாள் போட்டிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலியில் முத்தையா முரளிதரன் ஓய்வு பெற்றதும் அடுத்த டெஸ்டில் அறிமுகமாகி மூன்று வாரங்கள்தான் ஆகியிருந்தன. தில்ஷானோ 1999 முதல் நாட்டுக்காக ஆடிக்கொண்டிருந்தவர். அந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இது தம்புள்ளையில் மட்டும் நேர்ந்த பிழையும் அல்ல. எதிரியை அச்சுறுத்தவோ முடக்கவோ பந்துவீச்சு ஆயுதமாக்கப்பட்ட போதெல்லாம் கிரிக்கெட் உலகம் பந்தை விட்ட கையைத்தான் பிடித்திருக்கிறது. கட்டளை பிறந்த இடத்தை அநேகமாக விட்டுவிட்டிருக்கிறது.

ஒரு நோபோலையும் மண்டையை உடைக்கும் பந்துகளையும் ஒன்றாகப் பேசலாமா என்று வாசகர் கேட்பது நியாயம். தம்புள்ளையில் எவருக்கும் காயமில்லை. இழந்தது ஒரு சதம். உடலுக்கு வந்த ஆபத்தை அளவாக வைத்தால் இரண்டும் ஒப்பிடத் தக்கவை அல்ல. ஆனால் பொறுப்பை யார் சுமப்பது என்று பார்க்கும்போது இரண்டும் ஒரே வழியில் நடக்கின்றன. திட்டம் ஒருவரிடம் பிறக்கிறது, இன்னொருவர் அதைச் செய்கிறார், கூச்சல் எழுந்ததும் செய்தவர் முன்னால் தள்ளப்படுகிறார். இந்த வழியை முதன்முதலில் அகலமாகத் திறந்துவிட்டது 1932-33இல் அவுஸ்திரேலியாவுக்குப் போன இங்கிலாந்து அணி.

1930இல் டொன் பிரட்மன் இங்கிலாந்து மண்ணில் ஒரே தொடரில் 974 ஓட்டங்களைக் குவித்தார். அவரை எப்படி அடக்குவது என்பது அடுத்த தொடருக்குத் தலைமை ஏற்ற டக்ளஸ் ஜார்டினின் ஒரே கவலை. பம்பாயில் பிறந்து, வின்செஸ்டரிலும் ஒக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர் அவர். 1932 ஆகஸ்டில் லண்டனில் ஓர் உணவு விடுதியில் நொட்டிங்ஹம்ஷயர் அணித் தலைவர் ஆர்தர் கார், அந்த அணியின் வேகப் பந்துவீச்சாளர்கள் ஹரோல்ட் லார்வூட், பில் வோஸ் ஆகியோருடன் உட்கார்ந்து ஜார்டின் தன் யோசனையைப் பேசினார். காலுக்கு நேரே, உடம்பைக் குறிவைத்து, நெஞ்சளவும் தலையளவும் எழும்பும் பந்துகளைத் தொடர்ந்து போடுவது. கால் பக்கத்தில் ஐந்தாறு பேரைக் கிட்ட நிறுத்திவைப்பது. துடுப்பாட்ட வீரர் பந்தைத் தடுத்தால் பிடி போகும், அடித்தால் பின்னால் நிற்பவரிடம் போகும், விட்டால் உடம்பில் விழும். தலைக்கவசம் என்ற ஒன்றே புழக்கத்தில் இல்லாத காலம். பத்திரிகைகள் அதற்குப் பொடிலைன் என்று பெயர் வைத்தன.

1933 ஜனவரியில் அடிலெய்டில் நடந்த மூன்றாவது டெஸ்டில் லார்வூட்டின் பந்து அவுஸ்திரேலியத் தலைவர் பில் வூட்ஃபுல்லின் நெஞ்சில், இதயத்துக்கு மேலே விழுந்தது. அவர் துடுப்பைப் போட்டுவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்தப் பந்து வந்தபோது களத்தடுப்பு வழக்கமான ஏற்பாட்டில்தான் இருந்தது. வூட்ஃபுல் ஒருவாறு நிமிர்ந்து, மீண்டும் லார்வூட்டை எதிர்கொள்ள நின்றபோது இங்கிலாந்தின் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கால் பக்கத்துக்கு நகர்ந்தார்கள். கூட்டம் கொதித்தது அப்போதுதான். ஒரு பந்து தற்செயலாக உடம்பில் படலாம். அடிபட்டு நிற்கும் ஒருவரைச் சுற்றி ஆறு பேர் இடம்மாறுவது தற்செயலாக நடக்காது. அது நடப்பதற்குத் தலைவரின் சம்மதம் வேண்டும். இரண்டு நாள் கழித்து விக்கெட் காப்பாளர் பேர்ட் ஓல்ட்ஃபீல்ட்டின் மண்டையோட்டில் வெடிப்பு விழுந்தது. அந்தப் பந்து போடப்பட்டபோது கால்பக்க ஏற்பாடு இருக்கவில்லை. ஓல்ட்ஃபீல்ட் தன் தவறுதான் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனாலும் அதற்குள் அவுஸ்திரேலிய கிரிக்கெட் சபை இங்கிலாந்து கிரிக்கெட்டை நிர்வகித்த, லண்டனிலுள்ள எம்.சி.சி.க்குக் காரசாரமான தந்தி அடிக்கும் நிலைக்கு விடயம் முற்றியிருந்தது. தொடரை இங்கிலாந்து 4-1 என்று வென்றது. லார்வூட் 33 விக்கெட்டுகளை எடுத்தார்.

லார்வூட் யார் என்பதை இங்கே நின்று பார்க்க வேண்டும். நொட்டிங்ஹம்ஷயரின் சுரங்கக் கிராமத்துப் பிள்ளை. பையனாக இருக்கும்போதே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். கிரிக்கெட் அவருக்குக் கூலி வேலை. அன்றைய இங்கிலாந்தில் கூலிக்கு ஆடுபவர்கள் ஒரு சாதியாகவும், வசதியால் கூலி வாங்காமல் ஆடுபவர்கள் இன்னொரு சாதியாகவும் நடத்தப்பட்டார்கள். உடைமாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் இறங்கும் வாசல் வேறு. தலைமை எப்போதும் இரண்டாவது வகையினருக்கே. ஐந்தாவது டெஸ்டில் சிட்னியில் பந்து வீசும்போது லார்வூட்டின் இடது பாதத்தில் எலும்பு முறிந்தது. பிரட்மன் ஆடிக்கொண்டிருக்கும்வரை வெளியே போகக்கூடாது என்று ஜார்டின் அவரை மைதானத்திலேயே நிறுத்திவைத்தார். லார்வூட் பந்து போட முடியாதவர் என்பது பிரட்மனுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். பிரட்மன் ஆட்டமிழந்த பிறகு இருவரும் ஒன்றாக வெளியே நடந்தார்கள். ஒருவர் நொண்டியபடி. உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர் என்று பெயரெடுத்த அவருடைய கடைசி டெஸ்ட் அதுவாகவே ஆகிவிட்டது. காயம் ஆறியபின் 1934இல் எம்.சி.சி. அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. சொன்னதைச் செய்ததற்கு எதற்காக மன்னிப்பு என்று அவர் மறுத்தார். அதன்பிறகு இங்கிலாந்துக்கு ஆட அவர் அழைக்கப்படவேயில்லை.

ஜார்டினுக்கு என்ன நேர்ந்தது? 1933-34இல் எம்.சி.சி. அணியின் தலைவராக இந்தியாவுக்கு வந்தார். 1934 பெப்ரவரியில் சென்னை சேப்பாக்கம் மைதானம் கண்ட முதல் டெஸ்ட் போட்டியில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். அங்கே இங்கிலாந்தின் நோபி கிளார்க்கின் பந்து இந்தியாவின் நவுமல் ஜியோமலின் கண்ணருகே பட்டு, அவர் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதே வருடத்து அவுஸ்திரேலியத் தொடருக்கு முன்பு ஜார்டின் தானாகவே விலகிக்கொண்டார்; அவரை விரும்பாதவர்கள் எம்.சி.சி.க்குள் பெருகியிருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அவரை எவரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. திட்டம் வகுத்தவர் கௌரவமாக விலகினார். நிறைவேற்றியவர் சில காலம் பிளக்பூலில் இனிப்புக் கடை நடத்திவிட்டு, 1950இல் தன்னைத் திட்டித் தீர்த்த அதே அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

எதிர்வாதத்தில் பலமானது இதுதான்: லார்வூட் குழந்தையல்ல, மறுத்திருக்கலாமே. அதே அணியிலிருந்த கபி அலன் மறுத்தாரே. ஆம், மறுத்தார். தான் அப்படிப் பந்து வீசப்போவதில்லை என்று ஜார்டினிடம் நேரே சொன்னார், ஒரு பந்துகூட அப்படி வீசவில்லை, ஆனாலும் அந்தத் தொடரில் 21 விக்கெட்டுகளை எடுத்தார். பட்டோடி நவாப் இஃப்திகார் அலி கானும் கால்பக்கப் பொறியில் நிற்க மறுத்தார். முதல் டெஸ்டில் சதமடித்திருந்தும் இரண்டாவது டெஸ்டுக்குப் பிறகு அணியில் இடமில்லாமல் போனார். இந்த இருவரின் துணிவையும் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் இருவரும் யார்? ஒருவர் கூலி வாங்காமல் ஆடிய வசதியானவர், மற்றவர் ஒரு சமஸ்தானத்தின் அரசர். அணியிலிருந்து தள்ளப்பட்டாலும் இருவர் வீட்டிலும் அடுப்பு அணையாது. லார்வூட்டும் வோஸும் மறுத்தால் திரும்பிப் போகும் இடம் நொட்டிங்ஹம்ஷயர். அங்கே தலைவராக இருந்தவரோ உணவு விடுதியில் அந்தத் திட்டத்துக்குச் சாட்சியாக உட்கார்ந்திருந்த கார். மறுக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது என்று சொல்வது எளிது. மறுத்தால் வரும் நட்டத்தைத் தாங்கும் சக்தி எல்லோருக்கும் இருக்கவில்லை. லார்வூட்டுக்குப் பொறுப்பே கிடையாது என்று நான் வாதிடவில்லை. அவர் அந்த ஆட்டத்தை முழுமனதோடு ஆடினார், பின்னாளிலும் அதற்காக வெட்கப்படவில்லை. தலைவருக்கு விழாத தண்டனை அவருக்கு மட்டும் விழுந்ததைத்தான் நியாயமென்று ஏற்க முடியவில்லை.

இலங்கையருக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. 1975 ஜூன் 11ஆம் திகதி, முதலாவது உலகக் கிண்ணத்தில், லண்டன் ஓவல் மைதானத்தில் இலங்கை அவுஸ்திரேலியாவைச் சந்தித்தது. டெஸ்ட் அந்தஸ்து கிடைக்க இன்னும் பல வருடங்கள் இருந்தன. அவுஸ்திரேலியா 60 ஓவர்களில் 328 அடித்தது. துணிந்து துரத்தப் போன இலங்கையின் சுனில் வெத்தமுனியும் துலீப் மெண்டிஸும் ஜெஃப் தொம்சனின் பந்துகளால் அடிபட்டு வெளியேறினார்கள். மெண்டிஸுக்குத் தலையில், வெத்தமுனிக்குக் காலில். இருவரும் சென் தோமஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வெத்தமுனி அரைச்சதம் கடந்திருந்தார். அப்படியும் இலங்கை நான்கு விக்கெட்டுகளை மட்டும் இழந்து 276 வரை போனது. தோல்வி 52 ஓட்டங்களால். அன்றைய கதையை இன்றும் சொல்பவர்கள் தொம்சனின் பெயரைச் சொல்கிறார்கள். அவரிடம் பந்தைக் கொடுத்த தலைவர் இயன் சப்பல் என்பது எத்தனை பேருடைய நினைவில் இருக்கிறது?

அடுத்த வருடம் ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். போர்ட் ஒஃப் ஸ்பெயினில் இந்தியா நான்காவது இன்னிங்ஸில் 400க்கு மேல் துரத்தி வென்றது. மூன்று சுழல்பந்து வீச்சாளர்களை நம்பித் தோற்ற தலைவர் கிளைவ் லொயிட், அடுத்த கிங்ஸ்டன் டெஸ்டுக்கு வேகத்தைக் கொண்டுவந்தார். மைக்கல் ஹோல்டிங்கும் மற்றவர்களும் உடம்பை நோக்கிப் பந்தை எழுப்பினார்கள். அன்ஷுமான் கெய்க்வாட் 81 ஓட்டங்கள்வரை நின்று பிடித்து, காதோரம் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். பிரிஜேஷ் பட்டேலுக்கு வாயில் அடி, குண்டப்பா விஸ்வநாத்துக்கு விரல் முறிவு. இந்தியத் தலைவர் பிஷன் சிங் பேடி முதல் இன்னிங்ஸை ஆறு விக்கெட்டுக்கு 306இல் நிறுத்தினார். இரண்டாவது இன்னிங்ஸ் 97இல் முடிந்தபோது ஐந்து பேர் ஆடவே வரவில்லை. நடுவர்கள் தலையிடவில்லை. ஒரு தோல்வியால் அணித் தலைவரின் மனம் மாறியது, இரு வாரங்களுக்குள் அந்த மாற்றம் எதிரணியின் உடம்பில் தெரிந்தது. அச்சுறுத்தும் பந்துவீச்சு கொள்கையாகப் பிறக்கும் விதத்தை இதைவிட வெளிப்படையாகக் காட்ட முடியாது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லாமல் போவது தவறு. லொயிட்டின் அணி அதை எங்கே கற்றது? அதே 1975-76 பருவத்தில் அவுஸ்திரேலியாவில் வேகப் பந்துவீச்சாளர்கள் லில்லியிடமும் தொம்சனிடமும் அடிவாங்கி 5-1 என்று தோற்றுத்தான் கற்றது. வெள்ளையர் அணி வேகத்தால் மிரட்டியபோது வீரம் என்று புகழ்ந்த பேனாக்களே கறுப்பின வீரர்கள் அதைச் செய்தபோது காட்டுமிராண்டித்தனம் என்று எழுதின. அந்த இரட்டை அளவுகோலை மேற்கிந்தியர் கோபத்தோடு சுட்டிக்காட்டியது முழுக்க நியாயம். ஆனால் அதன் பிறகு சர்வதேச கிரிக்கெட் பேரவை கொண்டுவந்த தீர்வைப் பாருங்கள்: 1991இல் ஓவருக்கு ஒரு துடுப்பாட்ட வீரருக்கு ஒரு பவுன்சர், 1994இல் ஓவருக்கு இரண்டு. பந்துகள் எண்ணப்பட்டன. கட்டளைகள் எண்ணப்படவில்லை.

பந்தை எண்ணுவதால் மட்டும் தீராது என்பதற்கு 1981 பெப்ரவரி முதலாம் திகதியின் மெல்பேர்ன் சாட்சி. நியூசிலாந்து சமன் செய்வதற்குக் கடைசிப் பந்தில் ஆறு ஓட்டங்கள் வேண்டும். அவுஸ்திரேலியத் தலைவர் கிரெக் சப்பல் தன் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். தம்பி உருட்டினார், பிரையன் மெக்கெக்னி அதைத் தடுத்துவிட்டுத் துடுப்பை வீசியெறிந்தார். அன்றைய விதிப்படி அது குற்றமே அல்ல. இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கண்டித்தார்கள். இந்த முறை கட்டளை யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் சொன்னது மைதானத்தின் நடுவிலேயே நடந்தது. அப்படியும் கிரெக்கின் தலைமை பறிபோகவில்லை. டிரெவரோ எத்தனை போட்டிகளில் எப்படி ஆடினார் என்பதெல்லாம் மறந்துபோய், அந்த ஒரு பந்துக்குச் சொந்தக்காரராகவே வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

தலைவரைத் தண்டிக்க ஆதாரம் வேண்டாமா, காதோடு சொன்னதை யார் நிரூபிப்பது என்பது அடுத்த எதிர்வாதம். சட்டம் தெரிந்தவர்கள் எழுப்பும் கேள்வி இது, மதித்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலும் தம்புள்ளையிலேயே கிடக்கிறது. விகாரைக்குச் சொந்தமான காணியில் 167 நாட்களில் எழுப்பப்பட்டு 2001 மார்ச்சில் முதல் சர்வதேசப் போட்டியைக் கண்ட மைதானம் இது. 2005 ஜூலை இறுதியில் இங்கே இந்தியா இரண்டு ஒருநாள் போட்டிகளை அடுத்தடுத்த நாட்களில் ஆடியபோது சௌரவ் கங்குலி அணியில் இல்லை. ராகுல் டிராவிட் தலைமை தாங்கினார். ஏன்? அதற்கு முன் பாகிஸ்தானுடன் ஆடிய தொடரில் இந்தியா ஓவர்களை உரிய நேரத்துக்குள் வீசி முடிக்கவில்லை. தலைவர் என்ற ஒரே காரணத்துக்காக கங்குலிக்கு ஆறு போட்டித் தடை விழுந்து, மேல்முறையீட்டில் நான்காகக் குறைந்திருந்தது. எந்தப் பந்துவீச்சாளர் மெதுவாக நடந்தார், யார் சப்பாத்துக் கயிறு கட்ட உட்கார்ந்தார் என்று எவரும் விசாரிக்கவில்லை. அணியின் செயலுக்குத் தலைவர் பொறுப்பு என்ற அடிப்படையில் தீர்ப்பு விழுந்தது, அவ்வளவுதான். அப்போது இந்திய அணியின் புதிய பயிற்றுநராக இங்கே வந்திருந்தவர் கிரெக் சப்பல் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். ஆக, நிமிடங்கள் வீணானதற்காகத் தம்புள்ளையில் ஒரு தலைவர் வெளியே இருந்தார். ஐந்து வருடங்கள் கழித்து அதே ஊரில் நேர்மை வீணானதற்காக வெளியே இருத்தப்பட்டவர் பந்துவீச்சாளர். ஆதாரமில்லாமல் தலைவரைத் தண்டிக்க முடியாது என்ற வாதம் கடிகாரத்தின் முன்னால் செல்லாமல் போய்விட்டது. மனித மண்டையின் முன்னால் மட்டும் அது செல்லுபடியாவது எப்படி? 2019இல் தலைவர்களைத் தடைசெய்யும் அந்த முறையும் கைவிடப்பட்டு, மெதுவாக வீசினால் அணியினர் எல்லோருக்கும் ஒரே அளவு அபராதம் என்று மாறிவிட்டது. என் பார்வையில் அது பின்னோக்கிய அடி.

கட்டளையிட்டவரையும் கீழ்ப்படிந்தவரையும் எப்படி நிறுப்பது என்பதை கிரிக்கெட்டுக்கு வெளியே ஒரு நீதிமன்றம் செய்துகாட்டியிருக்கிறது. தம்புள்ளை நோபோலுக்குப் பத்து நாள் கழித்து, 2010 ஆகஸ்ட் 26ஆம் திகதி லோர்ட்ஸில் தொடங்கிய டெஸ்டில் பாகிஸ்தானின் மொஹமட் ஆமிரும் மொஹமட் ஆசிஃபும் முன்கூட்டியே பேசிவைத்த பந்துகளில் கோட்டைத் தாண்டினார்கள். அது சூதாட்டப் பணத்துக்காக நடந்த குற்றம். ரன்திவின் செயலோடு அதை ஒப்பிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. நான் பார்ப்பது தண்டனை பங்கிடப்பட்ட விதத்தை மட்டும். 2011 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் தலைவர் சல்மான் பட்டுக்கு 30 மாதச் சிறை விதித்தது. ஆசிஃபுக்கு 12 மாதம். குற்றம் நடந்தபோது பதினெட்டு வயதே ஆகியிருந்த ஆமிருக்கு 6 மாதம். கோட்டைத் தாண்டியது பட்டின் கால் அல்ல. ஆனாலும் அதிகாரம் கூடியவருக்கே தண்டனையும் கூடியது. தம்புள்ளையில் வந்த வரிசைக்கு நேரெதிர்.

விதிப்புத்தகமும் இந்த நியாயத்தை அறியாததல்ல. 2000ஆம் ஆண்டு கிரிக்கெட் விதிகளுக்கு முன்னுரை சேர்க்கப்பட்டபோது, ஆட்டம் நேர்மையாக நடப்பதற்கான முதன்மைப் பொறுப்பு தலைவர்களுடையது என்று அதில் எழுதிவைத்தார்கள். முன்னுரையில் இருக்கும் அந்தத் தெளிவு உள்ளே போகப்போக மங்கிவிடுகிறது. இன்றைய 41ஆவது விதியின்படி ஆபத்தான பந்துகளைத் தொடர்ந்து போட்டால் நடுவர் முதலில் பந்துவீச்சாளரை எச்சரிப்பார். மீண்டும் செய்தால் அந்த இன்னிங்ஸில் அவர் பந்து வீச முடியாது. வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி நோபோல் போட்டால் எச்சரிக்கைகூட இல்லாமல் உடனே நிறுத்தப்படுவார். தலைவர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒரு வரி வருவது உண்மைதான், ஆனால் அது ஆட்டத்துக்குப் பிறகு போகும் அறிக்கையைப் பற்றிய வரி. களத்தில் தலைவருக்கு எந்த இழப்பும் இல்லை. நிறுத்தப்பட்டவரின் மீதிப் பந்துகளை யார் வீசுவது என்று தீர்மானிப்பதும் அவரேதான்.

தலைவர் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1999 ஜனவரி 23ஆம் திகதி அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் நடுவர் ரொஸ் எமர்சன் முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நோபோல் அறிவித்தபோது, அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடுவரை அழைத்துப்போய் நின்றார். நடுவரிடம் விரலை நீட்டிப் பேசியது அழகான காட்சி அல்ல. அதற்கு அபராதமும் ஒத்திவைக்கப்பட்ட ஆறு போட்டித் தடையும் கிடைத்தன. விவகாரம் வேறு, அது தந்திரம் பற்றியதே அல்ல. ஆனால் புயல் வந்தபோது பந்துவீச்சாளரைத் தனியே நனைய விடாமல் தண்டனையைத் தன் பெயரில் வாங்கிக்கொண்ட ஒரு தலைவரை இலங்கை பார்த்திருக்கிறது. முரளியின் இடத்துக்கு வந்த ரன்திவுக்கு அப்படி ஒருவர் அன்று கிடைக்கவில்லை.

வேகமும் அச்சமும் கிரிக்கெட்டின் அங்கம், இவற்றை நெறிப்படுத்தப் போனால் ஆட்டம் சாறு வற்றிப்போகும் என்போர் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. 2014 நவம்பரில் அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் பிலிப் ஹியூஸ் பவுன்சரால் கழுத்தோரம் அடிபட்டு இறந்தபோது, அதை விசாரித்த மரண விசாரணை அதிகாரி எவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. அந்தப் பந்தைப் போட்ட ஷோன் அபொட்டை உலகமே தேற்றியது. பவுன்சர் குற்றமல்ல. ஒருவரின் உடம்பைக் காயப்படுத்துவதே திட்டமாகும்போதும், தோற்றுவிட்ட ஆட்டத்தில் எதிரியின் சதத்தைத் தடுப்பது திட்டமாகும்போதும் அதை வகுத்தவர் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பந்துவீச்சாளருக்கு நடுவர் கொடுக்கும் எச்சரிக்கை அதே நொடியில் தலைவரின் பெயரிலும் பதிவாகட்டும். பந்துவீச்சாளர் நிறுத்தப்பட்டால் தலைவர் அடுத்த போட்டியை இழக்கட்டும். பந்துவீச்சாளர் தலைவருக்குத் தெரியாமல் தானாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். முதல் எச்சரிக்கை வந்த உடனே அவரிடமிருந்து பந்தை வாங்கிவிடும் அதிகாரம் தலைவரிடம் இருக்கிறதே. அதைப் பயன்படுத்தாமல் மறுபடியும் அவரிடமே கொடுத்தால் அது தலைவரின் முடிவு.

இதற்குச் சர்வதேசப் பேரவை கண்விழிக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தன் வீரர்களைத் தானே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று இலங்கை கிரிக்கெட் நிறுவனம் 2010இலேயே காட்டியது. உள்ளூர்ப் போட்டிகளுக்கான ஒழுக்க விதிகளில் இந்த மாற்றத்தை எழுத அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பாடசாலை ஆட்டங்களிலிருந்து தொடங்குவது இன்னும் நல்லது. அங்கே பந்து பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் இருக்கிறது, கட்டளை பெரும்பாலும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநரிடமிருந்து வருகிறது. தலையைப் பார்த்துப் போடு என்று அவர் சொல்லி, பிள்ளை போட்டு, எதிரே நிற்கும் இன்னொரு பிள்ளை விழுந்தால், விசாரணை அறைக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவர் அந்தப் பயிற்றுநர்.